‘வீ’ எண்டால் ஆர் ஆர்?

லண்டனில் எங்கட ஆக்கள் நடத்துகிற ஒரு ஆங்கில வகுப்பின் தாள் அண்மையில் என் கைக்கு வந்தது. புதிதாக வந்த பெடியளும், பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டு வேலை தேடுகிற அம்மாமாரும் சனிக்கிழமைகளில் போய்ப் படிக்கிற வகுப்பு. நல்ல மனதோடு நடத்துகிறார்கள், காசு வாங்குவதில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அந்தத் தாளில்தான். தலைப்பு ‘வேலைத்தல ஆங்கிலம்’. கீழே இருபது வசனங்கள். ‘ஐ ஆம் எ குட் ரீம் பிளேயர்.’ ‘ஐ ஆம் ஃபிளெக்சிபிள்.’ ‘ஐ வேர்க் வெல் அண்டர் பிரஷர்.’ ‘ஐ ஆம் ஹப்பி ரு ஹெல்ப்.’ இப்படியே போகிறது.

இருபதையும் இரண்டு தரம் வாசித்தேன். ஒன்றில்கூட ‘இல்லை’ என்ற சொல் கிடையாது. ஒன்றில்கூட வேலைக்காரன் கேட்கிற கேள்வி கிடையாது. எல்லாம் தலையாட்டுகிற வசனங்கள். தலையாட்டுவதற்கு ஆங்கிலம் எதற்கு? அது எங்களுக்கு ஊரிலேயே நல்லாகத் தெரியும்.

நான் யாழ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் வரை ஆங்கிலத்தில்தான் படித்தனான். அதோடு படிப்பு நின்றது, ஏன் நின்றது என்பது 2006ஆம் ஆண்டு அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வகையீட்டுச் சமன்பாட்டுக்கு வேண்டிய ஆங்கிலம் என்னிடம் இருந்தது. ஆனால் லண்டன் குசினி ஒன்றில் மனேச்சர் வந்து ‘யூ ஓல்ரைற் ரு குளோஸ்?’ என்று கேட்டால், அவர் என் சுகத்தை விசாரிக்கவில்லை, இரவு ஒரு மணிக்குக் கடை பூட்டும்வரை நில் என்கிறார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்த நாட்டின் வேலைத்தல ஆங்கிலத்தில் கட்டளை எல்லாம் கேள்வியாக வரும். ‘வென் யூ கெற் எ சான்ஸ்’ என்றால் இப்பவே. ‘ஆர் யூ ஹப்பி ரு டூ எ டபிள்?’ என்றால் காலைச் சிஃப்ற்றும் செய், இரவுச் சிஃப்ற்றும் செய். சந்தோசமா என்று கேட்கிறார்கள் பாருங்கள்! பதின்மூன்று மணித்தியாலம் அடுப்படியில் நிற்க ஆருக்குச் சந்தோசம்? ஆனால் ‘நோ’ என்று சொன்னால் வேலைக்கு மறுத்தவனாகத் தெரியமாட்டாய், சந்தோசமில்லாத ஆளாகத் தெரிவாய். அதுதான் அந்தக் கேள்வியின் சூட்சுமம்.

ஆனாலும் எனக்கு ஆக எரிச்சல் தருகிற சொல் இவை ஒன்றும் இல்லை. அது ஒரு சின்னச் சொல். ‘வீ’.

தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு இருக்கிறது. கேட்டுக்கொண்டு நிற்கிறவரையும் சேர்த்தால் நாம். அவரை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பெரும்பாலும் இரண்டுக்கும் ‘நாங்கள்’தான், நாம் என்பது மேடைக்கும் பத்திரிகைக்கும் உரியது. என்றாலும் பள்ளிக்கூடத்தில் படித்த வித்தியாசம் மண்டைக்குள் கிடக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சேர்த்து ‘வீ’ ஒன்றுதான். அந்த ஒரு சொல்லுக்குள் முதலாளி தனக்கு வேண்டியபோது உன்னை ஏற்றுவார், வேண்டாதபோது இறக்கிவிடுவார்.

‘வீ ஆர் ஷோர்ட் ருடே’ என்பார்கள். ஆள் காணாது. இந்த ‘வீ’ நானும் பக்கத்தில் நிற்கிற பங்களாதேஷ் பெடியனும். இரண்டு பேர் மூன்று பேரின் வேலையைச் செய்யவேண்டும். ‘வீ ஹாட் எ ஃபன்ராஸ்ரிக் டிசம்பர்’ என்பார்கள். நத்தார் வியாபாரம் நல்லாகப் போனது. இந்த ‘வீ’க்குள் நாங்கள் இரண்டு பேரும் இல்லை, காசு போன இடத்தில்தான் அந்த ‘வீ’ இருக்கிறது. ‘வீ நீட் ரு கட் த அவர்ஸ்’ என்பது இன்னும் விசேசம். வெட்டுகிறவர் ஒருவர், வெட்டுப்படுகிறவர் இன்னொருவர், இரண்டு பேரையும் ஒரே சொல்லுக்குள் கட்டிவைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் யாராவது ‘வீ’ என்றால் நான் மனதுக்குள் தமிழில் மாற்றிப் பார்ப்பேன். நாமா, நாங்களா, அல்லது வெறும் ‘நீ’யா? பாதிக்கு மேல் ‘நீ’தான்.

ஒபிஸ்களில் வேலை செய்கிறவர்கள் இதைவிட மோசமான மொழியில் சீவிக்கிறார்கள் என்று கேள்வி. வங்கியில் வேலை செய்கிற என் மருமகள் சொல்லுவாள், ‘அஸ் பேர் மை லாஸ்ற் ஈமெயில்’ என்று ஒருவர் எழுதினால் ‘உனக்கு வாசிக்கத் தெரியாதா’ என்று அர்த்தமாம். பாவங்கள், அவர்களுக்குத் திட்டுவதற்குக்கூட மரியாதை வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு ஆங்கிலம் எங்கட குசினிக்குள் இருக்கிறது. ‘பிஹைண்ட்!’ என்றால் உனக்குப் பின்னால் வருகிறேன், திரும்பாதே. ‘ஹொட்!’ என்றால் கையில் கொதிக்கிற சட்டி. ‘கோர்னர்!’ என்றால் மூலையால் திரும்புகிறேன். ‘ஷார்ப்!’ என்றால் கத்தி. பிளீஸ் இல்லை, சொறி இல்லை, எல்லாம் ஒற்றைச் சொல். ஆனால் என் முதுகில் கொதியெண்ணெய் ஊற்றுப்படாமல் இத்தனை வருடமும் காப்பாற்றியது அந்த ஒற்றைச் சொற்கள்தான். செஃப் ஓடரை வாசிப்பார், ‘ரூ லாம், வன் சீபாஸ், நோ டெய்ரி’. அடுப்பில் நிற்கிறவன் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு செஃப் திரும்பக் கத்துவார். விமானம் ஓட்டுகிறவர்களும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் கதைக்கிறது இந்த முறையில்தான், சொன்னதைத் திருப்பிச் சொல்லவேண்டும். முப்பது சொல் ஆங்கிலம் தெரிந்த பெடியன் ஒருவன் ஒரு கிழமையில் இதைப் பழகிவிடுவான். போலந்துக்காரன், பிரேசில்காரி, நான், பங்களாதேஷ் பெடியன், ஒருவரின் மொழி மற்றவருக்குத் தெரியாது. சனிக்கிழமை இரவு இருநூறு பேருக்குச் சாப்பாடு போகும். ரீம் என்றால் அதுதான் ரீம். அங்கே யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

இந்தக் குசினி ஒழுங்கைப் போட்டவர் எஸ்கோஃபியே என்கிற பிரெஞ்சுக்காரர். 1870இல் நடந்த யுத்தத்தில் படைக்குச் சமைத்தவர், பிறகு 1890இல் லண்டன் சவோய் ஹொட்டலுக்கு வந்து பெயரெடுத்தவர். சோஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வாட்டுகிற இறைச்சிக்கு ஒருவர் என்று ஆள் ஆளாகப் பிரித்து வேலை கொடுத்தார். அந்த ஒழுங்குக்குப் பெயர் ‘பிரிகேட்’. (அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும், அது தனிக்கதை.) நான் அதைப் புகழவரவில்லை. அந்த ஒழுங்குக்குள் எவ்வளவு தூசணம், எவ்வளவு எறிதல் உதைதல் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது பொய் சொல்வதில்லை. செஃப் என்றால் பிரெஞ்சில் தலைவர். ஆர் சொல்கிறது, ஆர் செய்கிறது என்பது எல்லோருக்கும் வெளிச்சம். கோப்பை கழுவுகிறவரைக் கூப்பிட்டு ‘நீயும் இந்தக் குடும்பத்தில் ஒருவன்’ என்று எஸ்கோஃபியே சொல்லியிருக்கமாட்டார்.

‘கொம்யூனிகேஷன் ப்ரொப்ளம்’ என்று இன்னொன்று சொல்லுவார்கள். ஏதாவது பிழைத்தால் உடனே, எங்கட ஆங்கிலம் காணாது, விளங்கிக்கொள்ளவில்லை, ஒரு ரெயினிங் வைப்போம் என்று. 2014 ஜனவரியில் வட இங்கிலாந்தில் ஒருவர் கறி வாங்கிச் சாப்பிட்டு இறந்துபோனார், கச்சான் ஒவ்வாமை. நட்ஸ் இல்லாமல் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினார். பெட்டி மூடியிலும் அப்படியே எழுதியிருந்தது. சொல்லவேண்டியதெல்லாம் சொல்லியாயிற்று, எழுதவேண்டியதெல்லாம் எழுதியாயிற்று. முதலாளி பாதாம் தூளுக்குப் பதிலாக விலை குறைந்த, கச்சான் கலந்த தூளை வாங்கிப் போட்டிருந்தார். 2016இல் நீதிமன்றம் அவருக்கு ஆறு வருடச் சிறை கொடுத்தது. பதினான்கு ஒவ்வாமைப் பொருட்களின் பெயரையும் பாடமாக்கு என்று எங்களிடம் சொல்கிறார்கள், பாடமாக்கத்தான் வேண்டும், உயிர் விசயம். ஆனால் சாமானை மாற்றுகிறவர் மாற்றினதைச் சொல்லாவிட்டால் அடுப்பில் நிற்கிறவனின் ஆங்கிலத்தால் என்ன செய்யமுடியும்?

எங்களோடு ஒரு அண்ணர் வேலை செய்தவர், ஐம்பது தாண்டியவர், சொல் குறைவு, வேலை சுத்தம். ஏழு மாதம் வேலை செய்திருப்பார். ஒருநாள் பின்னேரம் மனேச்சர் தோளில் கையைப் போட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ ஹாவ் ரு லெற் யூ கோ’ என்றார். அண்ணர் ‘கோ’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு வெள்ளன வீட்டுக்குப் போகவிடுகிறார்கள் என்று நினைத்து, தாங்க்யூ சொல்லிவிட்டு பஸ் எடுத்துப் போய்விட்டார். அடுத்தநாள் காலை ஏப்ரனைக் கழுவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். அவருடைய இடத்தில் வேறொரு ஆள் நிற்கிறான்.

“நேற்று நல்லாத்தானே தம்பி கதைச்சவர்?” என்று என்னைக் கேட்டார்.

அவருக்கு ஆங்கிலம் காணாது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வசனம், கேட்கிறவனுக்கு வேலை போனது விளங்கக்கூடாது என்றே செய்த வசனம். கூட்டில் இருந்த குருவியைத் திறந்துவிடுகிற மாதிரி, போகவிடுகிறோம் என்கிறார்கள். ‘வேலையால நிப்பாட்டியாச்சு’ என்றால் நின்றிருப்பார், ஏன் என்று கேட்டிருப்பார். ஒரு மாதத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, பாரதூரமான குற்றம் ஒன்றும் செய்யாதவிடத்து, ஆகக் குறைந்தது ஒரு கிழமை நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். நாங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தபிறகு அந்த ஒரு கிழமைக் காசு வந்தது. கடிதத்தில் ‘டிஸ்மிஸ்’ என்ற சொல்லைத்தான் போட்டோம்.

இது எங்கட சின்னக் கடைகளின் விளையாட்டு மட்டுமில்லை, பெரிய இடங்களில் இதற்கென்றே தாள் அடித்துக் கொடுக்கிறார்கள். 2017இல் கார்டியன் பத்திரிகை டெலிவரூ கொம்பனியின் ஒரு உள்வீட்டு ஆவணத்தை வெளியிட்டது. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவர்களைப் பற்றிக் கதைக்கும்போது எந்தச் சொல்லைப் பாவிக்கவேண்டும், எதைப் பாவிக்கக்கூடாது என்று ஒபிஸ்காரருக்குச் சொல்கிற பட்டியல். யூனிஃபோர்ம் என்று சொல்லக்கூடாது, ‘கிற்’ என்று சொல்லவேண்டும். ஆள் எடுப்பது என்று சொல்லக்கூடாது, ‘ஒன்போர்டிங்’ என்று சொல்லவேண்டும். ஏன் இவ்வளவு கவனம்? யூனிஃபோர்ம், சம்பளம் என்ற சொற்கள் வாயில் வந்தால் அவன் தொழிலாளி என்று ஆகிவிடும். தொழிலாளி என்றால் லீவுக் காசு கொடுக்கவேண்டும்.

ஊபர்காரர் தங்கட சாரதிகளைப் ‘பார்ட்னர்’ என்றார்கள். சாரதிகள் வழக்குப் போட்டார்கள். 2016இல் லண்டன் தொழில் நியாயசபை, இல்லாததை இருக்கிற மாதிரிக் காட்டப் புதுப்புதுச் சொற்களையெல்லாம் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்கிற தொனியில் அந்தக் கொம்பனியை நல்லாக வாங்குவாங்கென்று வாங்கியது. கடைசியில் 2021 பெப்ரவரி 19ஆம் திகதி உச்ச நீதிமன்றமும் சாரதிகள் பக்கம்தான் நின்றது. கொன்ராக்ற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் தொடங்கக்கூடாது, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றது. எங்கட ஆக்கள் எத்தனையோ பேர் ஊபர் ஓடுகிறார்கள், அந்த லீவுக் காசு அப்படி வந்தது. டெலிவரூ விசயம் வேறுமாதிரி முடிந்தது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம், தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்புகிற உரிமை அவர்களுக்கு இருக்கிறது, ஆகவே தொழிற்சங்கம் அமைத்துப் பேரம்பேசுகிற விசயத்தில் அவர்களைத் தொழிலாளி என்று எடுக்கமுடியாது என்றுவிட்டது. சொல்லை வைத்து விளையாடுகிறவர்கள் எப்போதும் தோற்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை.

பார்ட்னர் என்ற சொல் எங்கேயும் பொய்தான் என்றும் இல்லை. ஜோன் லூயிஸ் கடையிலும் வேலைக்காரரைப் பார்ட்னர் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதன் சொந்தக்காரர் 1929இலேயே வேலை செய்கிறவர்களுக்காக ஒரு நம்பிக்கைப் பொறுப்பு எழுதி வியாபாரத்தை அதன்கீழ் கொண்டுவந்தார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு உறுதிப் பத்திரம் இருக்கிறது. எங்களுக்குச் சொல்கிறவர்களிடம் அந்தப் பத்திரத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

வெள்ளைக்காரனைத் திட்டுகிறான் என்று சந்தோசப்படுகிற எங்கட முதலாளிமாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். எங்கட கடைகளில் ரீம் என்ற சொல் இல்லை. அங்கே ‘தம்பி’ இருக்கிறது. “தம்பி, இது எங்கட கடைதானே, ஒரு மணித்தியாலம் கூட நில்லுமன்.” அந்த ‘எங்கட’வும் இந்த ‘வீ’யும் ஒரே ஆள்தான். ஆங்கிலக்காரன் ‘வீ ஆர் எ ஃபமிலி’ என்றால் அது பொய் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். எங்கட அண்ணை ‘தம்பி’ என்றால் நான் உண்மையிலேயே தம்பியாகிவிடுகிறேன். தம்பி எப்படி அண்ணையிடம் லீவுக் காசு கேட்பான்? ஒருவன் கேட்டான். “நான் உனக்குச் செய்யாததே? நீ வந்த மூட்டம் ஆர் அறை பார்த்துத் தந்தது?” என்று பதில் வந்தது. அறை பார்த்துக் கொடுத்தது உண்மை. வருடத்துக்கு 5.6 கிழமை சம்பளத்தோடு லீவு, கிழமைக்கு ஐந்து நாள் வேலை செய்கிறவனுக்கு 28 நாள், என்பதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்கமுடியாது.

அப்ப அந்த வகுப்புத் தாளில் என்ன இருக்கவேண்டும்? ‘ஃபிளெக்சிபிள்’ இருக்கட்டும், இன்டர்வியூவில் தேவைப்படும். ஆனால் முதல்நாள் கையெழுத்து வாங்குகிற தாள்கட்டில், கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யச் சம்மதம் என்று ஒரு தாள் இருக்கும், அதில் கையெழுத்து வைக்காமல் விடலாம், வைத்தாலும் பிறகு எழுதிக் கொடுத்து விலகலாம் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிடம் இடைவேளை என்பதும் இருக்கட்டும். ‘கான் ஐ ஹாவ் தற் இன் றைற்றிங்?’ அதை எழுத்தில் தரமுடியுமா என்ற கேள்வியை எல்லோரும் பத்துத் தரம் சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். 2024 ஒக்ரோபர் 1ஆம் திகதியிலிருந்து இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸில் ரிப்ஸ் காசில் முதலாளி கை வைக்க ஏலாது, வரி போக முழுதும் வேலை செய்கிறவர்களுக்கு நியாயமாகப் பிரிக்கவேண்டும். எப்படிப் பிரிக்கிறது என்று எழுதி வைத்திருக்கவேண்டும், கேட்டால் கணக்குக் காட்டவேண்டும். ஒன்றும் விளங்காவிட்டால் ஏகாஸ் என்று ஒரு இடம் இருக்கிறது, ரெலிபோனில் இலவசமாக ஆலோசனை சொல்லுவார்கள்.

இவ்வளவு திட்டினாலும், ஒபிஸ்காரரின் ஆங்கிலத்தில் களவெடுக்கவேண்டிய ஒரு வசனம் இருக்கிறது. ‘ஜஸ்ற் ரு கொன்ஃபேர்ம்.’ நாங்கள் கதைத்ததை உறுதிப்படுத்துவதற்காக எழுதுகிறேன். குசினியில் ஓடரைத் திருப்பிச் சொல்கிறோமே, அதேதான், இந்தமுறை மேல்நோக்கிச் சொல்கிறோம். வாயால் சொன்னதை மனேச்சருக்கு அன்றைக்கு இரவே மெசேஜில் திருப்பி அனுப்பவேண்டும். கோபம் தேவையில்லை, சட்டம் தேவையில்லை, பிளீஸும் தாங்க்யூவும் தாராளமாகப் போடலாம். பிறகு நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் சொல்வது கஷ்டம்.

எங்கட இடத்தில் கோப்பை கழுவுகிற அக்கா ஒருவர் இருக்கிறார், ஆங்கிலம் மிகக் குறைவு. இரண்டு சனிக்கிழமை வேறொருவரின் சிஃப்ற்றையும் சேர்த்துச் செய்தார், 14 மணித்தியாலம். பேஸ்லிப்பில் அது வரவில்லை. வாயால் கேட்டபோது ‘வீ வில் லுக் இன்ரு இற்’ என்றார்கள், பார்ப்போம் என்று. அக்கா என்னிடம் அந்த வசனத்தைத் தமிழில் எழுதி வாங்கி, பிள்ளையைக் கொண்டு ரைப் பண்ணி அனுப்பினார். ‘ஜஸ்ற் ரு கொன்ஃபேர்ம்’, இரண்டு திகதி, தொடங்கின நேரம், முடிந்த நேரம், மொத்தம் 14. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ‘சோர்ட்டட்’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அடுத்த மாதம் காசும் வந்தது.